நீட்டிய கை

வளைகாப்பில் நஸ்ரினின் இரு கைகளிலும் கண்ணாடி வளையல்கள் குலுங்கின. அவள் உம்மா வளையலோடு முன்னே வந்தபோது, கணவன் ஞானவேலின் அத்தை குறுக்கே வந்தாள்.

"தட்டுல வச்சிட்டுப் போங்க. நாங்க போட்டுவிடறோம்."

நஸ்ரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் தொட்டால் தீட்டா? ஒரு கை வளையல்களை மளமளவென்று உருவித் தரையில் போட்டாள்.

"ஐயையோ, கழட்டக் கூடாதுடி!" அத்தை பதறினாள்.

"எங்க உம்மா போடாத கையில வேற யாரும் போட வேணாம்." வெறுங்கையை நீட்டினாள். "போடுங்க உம்மா."

உம்மா தலை நிமிரவில்லை. "இந்தச் சடங்கெல்லாம் செஞ்சேன்னு தெரிஞ்சா உன்னப் பெத்த அத்தா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டாங்கம்மா. தட்டுலயே வச்சிடறேன்."

நஸ்ரின் கையை மடக்கவில்லை. அதை ஞானவேலின் பக்கம் திருப்பினாள்.

"நீங்களாவது போடுவீங்களா?"

அவன் அத்தையின் முகத்தைப் பார்த்தான்.