அண்ணன் சாடை

மாப்பிள்ளை வீட்டார் காரை விட்டு இறங்கும் முன்பே, என் அண்ணன் ஜான் பீட்டரை மாடி அறைக்குள் வைத்துப் பூட்டினாள் அம்மா.

“அவன் மாதிரி தலையக் குனிஞ்சு உம்முன்னு நிக்காத. முகம் பாத்துப் பேசு, சிரி. இல்லாட்டி அவனுக்கு வந்த மனநோயி உனக்கும் ரத்தத்துல இருக்குன்னு பேசுவாக,” என்றாள் என்னிடம்.

அண்ணன் ஜன்னலில் எட்டிப் பார்த்தான். “அம்மா, அந்த மாப்பிள்ளைய எனக்குத் தெரியும்.”

“போன வாரம் கலெக்டரையும் தெரியும்னான்,” என்றாள் அம்மா.

முகம் வலிக்கச் சிரித்தேன். மாப்பிள்ளை அமலனும் ஓயாமல் சிரித்தார். இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போனது.

மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார் சாமியார். யாரும் சொல்லவில்லை. மூன்று ஞாயிறும் அண்ணன் பூட்டிய அறைக்குள்தான் இருந்தான், கல்யாணத்தன்றும்.

மறுநாள் உத்தமபாளையத்தில், மாமியார் வீட்டுக் கொல்லையில் துணி காயப்போட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று தலையைக் குனிந்து சற்று நின்றேன்.

வெளியே பூட்டியிருந்த பின்னறையின் ஜன்னலில் ஒரு முகம். அமலனின் அதே மூக்கு.

“நீங்க பீட்டரு தங்கச்சியா?”

தலையாட்டினேன்.

“அவரும் இப்படித்தான் குனிஞ்சு நிப்பாரு. வியாழக்கிழமை தேனி ஆஸ்பத்திரியில மாத்திரை வாங்குற வரிசையில ரெண்டு பேரும் சேந்துதான் நிப்போம். அவரு தனியா வருவாரு. என்னையத் தம்பி அமலன் கூட்டிட்டு வருவான்.”

திரும்பினேன். அமலன் தலையைக் குனிந்து நின்றிருந்தார். சிரிக்கவில்லை.

உள்ளிருந்து மாமியார் கூப்பிட்டாள்.

“பொண்ணு மாப்பிள்ளையப் பாக்க ஆளுக வந்திருக்காக. ரெண்டு பேரும் சிரிச்ச முகமா வாங்க.”

போனோம்.