மூடிய பார்சல்

"அதிகம் பழக்கமில்லாத ஒருவர் மூடிய பார்சலைக் கொடுத்து, உங்கள் ஊரில் சேர்த்துவிடச் சொல்கிறார். என்ன செய்வீர்கள்?"

"எத்தனை கிலோ என்று கேட்பேன்," என்றாள் ஸ்வாதி.

ஜைத் பேனாவைக் கீழே வைத்தார்.

அமீரகத்தின் புஜைராவில், ஸ்வாதி வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பாதுகாப்பு அதிகாரி அவர்; அந்த ஊர் அரபி. வெளிநாடு போகிற ஆராய்ச்சியாளர் யாராக இருந்தாலும் அவருடைய பயிற்சியில் தேறினால்தான் லீவு. லேப்டாப்பில் எதை எடுத்துப் போகலாம், கருத்தரங்கில் குழைந்துகொண்டு வருகிறவரிடம் எவ்வளவு பேசலாம், யாரிடம் எதை வாங்கக் கூடாது, எல்லாம் அதில் உண்டு. கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வைப் பற்றி ஊருக்கே பாடம் எடுக்கும் டாக்டர் ஸ்வாதி, இதில் மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள்.

இன்று மாலை மதுரைக்கு விமானம். நாளை மறுநாள் தங்கை ஷ்ருதிக்குக் கல்யாணம். இப்போதும் தேறாவிட்டால் அக்கா இல்லாமல்தான் தங்கை கழுத்தில் தாலி ஏறும்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வளைகுடாவில் ஒரு தமிழ்க் குடும்பம் ஊருக்குக் கிளம்புகிறது என்று தெரிந்தால் போதும், நாலு வீட்டுப் பார்சல் வாசலில் வந்து நிற்கும். மாடி வீட்டுக்காரர் மாமியாருக்குப் பாதாம். முன்பின் பார்த்திராத ஒருவருடைய மச்சானுக்குப் பழைய செல்போன். உள்ளே என்ன என்று கேட்டால் தலைமுறைக்கும் பேச்சு நிற்கும். எடை கேட்கலாம். அதையும் சிரித்துக்கொண்டே கேட்க வேண்டும்.

இத்தனையையும் அவள் ஆங்கிலத்தில் விளக்கினாள். ஜைத் பொறுமையாகக் கேட்டார்.

"கொண்டுபோக மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் புகார் கொடுக்க வேண்டும், டாக்டர். எங்கே, ஒரு தடவை சொல்லுங்கள்."

சொன்னாள். பாவம், முதல் தடவை நாக்கு எழவே இல்லை. மறுபடி சொன்னாள். மற்ற கேள்விகளுக்கெல்லாம் சரியாகவே பதில் வந்தது.

ஜைத் முடிவைச் சொல்லாமல் மேஜைக்கு அடியில் குனிந்தார். பழுப்பு டேப் சுற்றிய ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். மதுரைக்குத்தானே போகிறீர்கள், இதை அந்தப் பக்கத்தில் ஒருவரிடம் சேர்த்துவிட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

ஸ்வாதிக்கு உள்ளுக்குள் சிரிப்பு. இந்தப் பொறியிலா நான் விழுவேன்?

"கொண்டுபோக மாட்டேன்," என்றாள். "இதைப் பற்றிப் புகாரும் கொடுப்பேன்."

ஜைத் பெட்டியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கணினியில் எதையோ தட்டிவிட்டு, பாஸ் என்றார்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கணவனுக்குப் போன் போட்டாள். தமிழில் பேசினால் பக்கத்தில் அரபி இருந்தாலும் ஆண்டவனே இருந்தாலும் நமக்குக் கவலையில்லை.

"ஏங்க, பாஸாயிட்டேன். கடைசியா ஒரு பெட்டிய நீட்டி, என்னை மடக்கப் பாத்தாரு. மூஞ்சிய அவ்வளவு பாவமா வச்சிக்கிட்டு என்னா நடிப்புங்கிறீங்க. நான் அசையலையே."

போனை வைத்தாள். ஜைத் பெட்டியை மறுபடி மேஜைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

"நடிப்பு இல்லக்கா," என்றார்.

சுத்தமான ராமநாதபுரத்துத் தமிழ். ஸ்வாதிக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

ஜைத்தைச் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குக் காரில் கூட்டிப்போனவர் முனியசாமி. பரமக்குடிக்காரர். தினமும் போகும்போதும் வரும்போதும் பேசிப் பேசியே பிள்ளைக்குத் தன் பேச்சைக் கொடுத்துவிட்டார். வயதாகி ஊருக்கே திரும்பிவிட்டவருக்கு இப்போது போனில் பேசினால் காது கேட்பதில்லை. பெட்டியில் இருப்பது பேரீச்சம்பழமும் கோடாலித் தைலமும். அந்தப் பக்கம் போகிற எல்லோரிடமும் ஜைத் கேட்டுப் பார்த்துவிட்டார். எல்லோரும் இதே பதிலைத்தான் சொன்னார்கள். எல்லோரும் அவரிடம் பயிற்சி எடுத்தவர்கள்.

"கூரியர்ல போடலாமே," என்றாள் ஸ்வாதி. குரல் இறங்கிப் போயிருந்தது.

"போட்டா பெட்டி போயிரும்க்கா. அவரு எப்படி இருக்காருன்னு பாத்துட்டு வந்து எனக்கு யாரு சொல்லுவா?"

அவள் பெட்டியை நோக்கிக் கையை நீட்டினாள்.

"வாங்குனீங்கன்னா நான் ஃபெயில் போடணும்," என்றார் ஜைத். விளையாட்டாகச் சொல்லவில்லை.

கையை இழுத்துக்கொண்டாள். தங்கையின் கல்யாணம் கண்ணுக்குள் வந்து போனது. மறுவீட்டு விருந்துக்குப் பிறகு ஒரு பகல் சும்மாத்தான் இருக்கிறது. மதுரையிலிருந்து பரமக்குடிக்கு அரைநாள்கூட ஆகாது.

"பெட்டி இங்கயே இருக்கட்டும், தம்பி. அவரு அட்ரஸ மட்டும் சொல்லுங்க. நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்."

அடுத்தவர் விலாசத்தை வெளியாளிடம் கொடுக்கக் கூடாது என்பதும் ஜைத் நடத்துகிற பாடம்தான்.

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, விலாசத்தை மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.