மடைத் தண்ணீர்

காலடியில் தண்ணீர் தேங்கிக் கிடக்க, தவசியப்பனின் வாழைகள் தாகத்தில் செத்துக்கொண்டிருந்தன. இலைகள் மஞ்சளாகித் தொங்கத் தொடங்கிய நாளிலிருந்து, தண்ணீர் போதவில்லை என்றுதான் அவர் நினைத்தார். ஒரு மாதமாக மடையை அடைக்கவே இல்லை. மிஞ்சி வழிந்தது கீழ்த்தோட்டத்து அன்னமயிலுக்குப் போனது. புருசன் இல்லாதவள், பிழைத்துப் போகட்டும் என்று விட்டிருந்தார்.

காலையில் வந்த வேளாண்மை அலுவலர் பெண் ஒரு மரத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டினாள். வெள்ளையாக இருக்கவேண்டிய தண்டுக்குள் துருப்பிடித்தாற்போல் வளையங்கள் ஓடியிருந்தன.

"பூஞ்சைங்கய்யா. அதுக்குப் பல்லு கிடையாது. நொதின்னு ஒரு சாறைக் கக்கி, மரத்தோட உள்சுவரைக் கரைச்சுக் குடிக்கும். கரைஞ்சது கூழாகி, தண்ணி ஏறுற குழாயை அடைச்சிரும். நீங்க எவ்வளவு பாய்ச்சினாலும் மேல ஏறாது."

"மருந்து?"

"இல்லைங்கய்யா. தண்ணியை முதல்ல நிறுத்துங்க. இந்தத் தண்ணி போற இடமெல்லாம் அதுவும் போகும்."

அவள் போனபிறகும் தவசியப்பன் வெட்டுண்ட தண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மண்வெட்டியோடு மடைக்குப் போனார். முதல் வெட்டு மண்ணை அள்ளியபோது அன்னமயில் வரப்பில் ஓடி வந்தாள்.

"அண்ணே, அடைச்சிராதீங்க! எனக்கும் ரெண்டு மரம் வாடி நிக்குது. இன்னைக்குக் கூடக்கொஞ்சம் விடுங்க. இத்தன நாளும் உங்க தண்ணியிலதான பொழச்சுக் கெடந்துச்சு."

மண்வெட்டியிலிருந்த மண் சரிந்து தண்ணீரில் விழுந்தது. நிற்காமல் கரைந்து, கலங்கலாக அவள் தோட்டத்துப் பக்கம் ஓடியது.