எல்லாமே சிவக்கும் வீடு

உருளைகளின் மேல் தக்காளித் தட்டுகள் ஓடிவரும் கடகடச் சத்தம். அதற்கு மேலே ஏறி மிதக்கும் ஒரு குரல்: "சிவந்துடுச்சுடீ!"

எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்னமும் மத்தியானத் தூக்கத்தின் நடுவே அந்தக் குரல் கேட்டு அவள் கண் விழிப்பதுண்டு.

அப்போது அவள் படிப்பை முடித்த கையோடு தக்காளிக் கிடங்குக்கு மேற்பார்வை வேலைக்கு வந்தவள். கண்ணாடிக் கூரை வழியாக வெயில் பால் மாதிரி வடியும். பழ வாசனையில் நின்றபடியே கண் சொக்கும். அந்தச் சொக்கலைக் கலைக்கிறவள் ஒருத்திதான். எல்லோரும் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ அக்கா.

அழுகலைப் பொறுக்கி எடுத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவது ரேடியோ அக்காவின் வேலை. அடுத்து நிற்கிற ஆள் பழுத்த தட்டை இடப்பக்கமும் காய்த் தட்டை வலப்பக்கமும் தூக்கி வைக்க வேண்டும். இடப்பக்கம் உள்ளூர்ச் சந்தைக்கு. வலப்பக்கம் வெளியூர் லாரிக்கு. பழத்தட்டு ஒன்று அதில் ஏறிவிட்டால், போய்ச் சேர்வதற்குள் லாரியே நாறிவிடும். மாற்றி வைத்தவன் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம். முதலாளி சட்டம்.

அந்த ஆள் வாயே திறக்க மாட்டார். ரேடியோ அக்கா அவருக்கும் சேர்த்துப் பேசுவாள்.

"அழுது அழுது பேத்திக்குக் கண்ணு ரெண்டும் சிவந்துடுச்சுடீ."

"மருமகன் சட்டையை ஊற வச்சேன். சாயம் இறங்கி என் புடவையும் சிவந்துடுச்சு."

அட்டைப்பெட்டி ஒட்டுகிற பெண் சிரிப்பாள். "உங்க வீட்ல எல்லாமே சிவக்குமா அக்கா?"

"ஆமாண்டி, வெளுக்கிறதெல்லாம் உன் மாமியார் வீட்லதான். சாயம் வெளுத்துப் போச்சாமே!"

கிடங்கே சிரிக்கும். அந்த ஆள் மட்டும் குனிந்த தலை நிமிர மாட்டார்.

"அவர் யார் தெரியுமா மேடம்?" ஒரு நாள் பெட்டி ஒட்டுகிறவள் கிசுகிசுத்தாள். "அக்காவோட கூடப்பிறந்த தம்பி. அம்மா செத்த வீட்ல ஏதோ வார்த்தை தடிச்சுப் போச்சாம். அன்னியிலேருந்து ரெண்டு பேருக்கும் பேச்சில்ல."

"அப்போ அவர் காதுபட இப்படி ஓயாம பேசறது?"

"குத்திக் காட்டத்தான். வேற எதுக்கு?"

அதற்கேற்ற மாதிரி அங்கிருந்து ரேடியோ அக்கா சொன்னாள்: "சில பேருக்கு உண்மையைச் சொன்னா முகம் சிவந்துடும்!"

தம்பி தட்டைத் தூக்கினார். மேற்பார்வைக்காரிக்கு மனசு பொறுக்கவில்லை. பாவம், நாள் முழுக்க இந்த நாக்குக்குப் பக்கத்திலேயே நின்று மாரடிக்க வேண்டியிருக்கிறதே!

மறுநாள் காலை நேராக ரேடியோ அக்காவிடம் போனாள்.

"இனிமே வேலை நேரத்துல பேச்சு கிடையாது. முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன்."

"எனக்கா மேடம்?"

"உங்களுக்குத்தான். மீறிப் பேசினா நாளைக்கு வர வேண்டாம்."

ரேடியோ அக்கா ஏதோ சொல்ல வந்தாள். பிறகு தம்பி நிற்கிற பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

கிடங்கு தண்ணீருக்கடியில் போனது போல அமைதியாயிற்று. முதல் தட்டு வந்தது. தம்பி தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார்.

பின்னால் வந்த தட்டு இடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அவர் கையிலிருந்த தட்டில் பழம் பழமாக, அத்தனையும் சிவப்பு. பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். அவரோ தெரியாத பாஷையில் எழுதிய பலகையைப் பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை. கை மெல்ல மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது.

"நேத்து சாயங்காலம் பார்த்தியாடீ, வானம் என்னமா சிவந்துச்சு!"

ரேடியோ அக்காதான். எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். சுவரோரம் யாருமே இல்லை.

கை சட்டென்று இடப்பக்கம் திரும்பியது.

அடுத்த தட்டு முழுக்கக் காய்.

"எதிர்வீட்டுக்காரன் புது சைக்கிள் வாங்கியிருக்கான்."

வலப்பக்கம்.

கனவில் ஒன்றைக் கண்டுகொண்டது போல மேற்பார்வைக்காரி நின்ற இடத்திலேயே நின்றாள். அந்த மனுஷன் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான்.

"அங்க யாரும்மா பேசினது?" முதலாளி தன் அறைக் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

ரேடியோ அக்காவின் கை தட்டின் மேலேயே நின்றது.

"நான்தான் சார்," என்றாள் மேற்பார்வைக்காரி. "ஒரு கதை கேட்டேன். அவங்க சொன்னாங்க."

சாப்பாட்டு நேரத்தில் ரேடியோ அக்காவின் அருகில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க தம்பிக்கு..."

"எந்தத் தம்பி?" டப்பாவைத் திறந்தபடியே கேட்டாள் ரேடியோ அக்கா. "அவனோட எனக்குப் பேச்சே கிடையாதே மேடம்!"

பல வருடம் கழித்து, ஒரு மழைக்காலத்தில் ரேடியோ அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாள்.

தம்பி அதற்குப் பிறகு ஒரு நாள்கூட வேலைக்கு வரவில்லை.