ஆளில்லாத வீட்டுக்குப் பாதி வரி

அம்மா செத்தபிறகு அவள் வீட்டின் வரிப்பாக்கி மகளின் தலையில் விழுந்தது. ஆளில்லாத வீடென்றால் பாதி கட்டினால் போதும். முழுசும் கட்டச் சொன்னால் வீடு ஏலத்துக்குத்தான் போகும்.

பார்வையிட வந்த வரி அதிகாரி, வயிற்றை முன்னே அனுப்பிவிட்டுப் பின்னாலேயே நுழைந்தார். குளியலறைக் கொடியில் கிடந்த துண்டைப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது.

“காலி வீட்ல யாரும்மா குளிக்கிறது?”

“தெரியல சார். தண்ணி இணைப்பையே வெட்டியாச்சு.”

“அப்ப துண்டு தானாக் குளிச்சுதா? நாளைக்கு வருவேன். ஈரம் இருந்தா முழு வரிதான்.”

அவர் போனதும் துண்டை வெயிலில் உலர்த்தி எடுத்துவந்து கொடியில் போட்டாள். திரும்பிப் பார்ப்பதற்குள் நனைந்திருந்தது. மறுபடி உலர்த்தினாள். மறுபடி ஈரம்.

கடைசியில் குளியலறைக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். “உன் வீட்டைக் காப்பாத்தத்தாம்மா சொல்றேன். எங்கயாவது போயிடும்மா.”

மறுநாள் துண்டு மொரமொரவென்றிருந்தது. அதிகாரி “காலி” என்று எழுதி, வீட்டையே தானம் கொடுத்தவர்போல் மீசையைத் தடவிக்கொண்டு கிளம்பினார்.

அவரை வழியனுப்பித் திரும்பியபோதுதான் கூடத்துத் தூசியைப் பார்த்தாள். இடது காலை இழுத்து நடக்கும் அம்மாவின் தடங்கள் வாசல்வரை போயிருந்தன. படியில் ஒருமுறை உள்பக்கம் திரும்பி நின்றிருந்தன. பிறகு தெருவில் இறங்கியிருந்தன.