இருபது குடையும் ஒரு தெருவும்

"ஒண்ணுகூடத் திரும்பி வரலை. இருபதுக்குப் பூஜ்யம். தெருவா அது? திருட்டுக் கும்பல்!"

துணை இயக்குநர் மேஜையைத் தட்டிய தட்டில் டெலிபோன் ஒரு துள்ளு துள்ளியது. பாவம், பத்து நாளாக அது அடிக்கவே இல்லை.

எங்கள் ஆபீஸ் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாடு நன்றாக இருக்கிறதா என்று பணத்தை வைத்து மட்டும் பார்க்கக் கூடாதாம். ஜனங்கள் ஒருத்தருக்கொருத்தர் எவ்வளவு உதவியாக, நம்பிக்கையாக இருக்கிறார்கள் என்றும் அளக்க வேண்டுமாம். மேலிடத்து உத்தரவு.

எதை வைத்து அளப்பது? சார் ஒரு வாரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டுக் கண்டுபிடித்தது, குடை.

ஒரு தெருவில் இருபது கறுப்புக் குடைகளை அங்கங்கே மறந்த மாதிரி விட்டுவிட்டு வர வேண்டும். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை. 'கண்டெடுப்பவர் இந்த நம்பருக்குப் போன் செய்யவும்.' எத்தனை போன் வருகிறதோ அத்தனை மார்க். பத்துக்குக் கீழே போனால், அந்தத் தெரு கேட்டிருந்த ஆஸ்பத்திரி வேறு தெருவுக்குப் போய்விடும்.

"நான் போய்ப் போட்டுட்டு வரட்டுமா சார்?" என்று முதல் நாளே கேட்டேன்.

"உன்னை நம்பி இருபது குடையை எப்படிம்மா குடுக்கறது?"

நம்பிக்கையை அளக்கிற பிரிவின் தலைவர் திருவாய் மலர்ந்தது இது. அவரே தினமும் ரெண்டு குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். பத்து நாளும் அதே தெரு, அதே மனுஷன், அதே நம்பர். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கெதற்கு வம்பு? ஆனால் இன்று திறந்தேன்.

"சார், அந்தத் தெருவுல குழந்தைக்குக் காய்ச்சல்னாகூட ரெண்டு பஸ் மாறணும். ஆஸ்பத்திரியைப் பறிச்சிடாதீங்க."

"குடையை அமுக்கும்போது அது தெரியலையா? ஃபாரத்தை எடுத்துக்கிட்டு வா. நேர்ல நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு, அங்கேயே கையெழுத்துப் போடறேன்."

போனோம்.

தெருமுனை லாண்டரிக்காரர் சாரைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் பார்த்துக் கத்தினார்.

"அக்கா! வந்துட்டாரு!"

மருந்துக்கடையிலிருந்து ஒரு அம்மா ஓடி வந்தார். சலூன்காரர் பாதி சவரத்தில் ஆளை விட்டுவிட்டு வந்தார். அந்த ஆளும் சோப்பு நுரையோடு பின்னாலேயே வந்தார்.

சார் நைசாக என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். "அடிக்கப் போறாங்கம்மா."

மருந்துக்கடை அம்மா அவர் கையைப் பிடித்தார். பிடித்து, மெதுவாக ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"சாப்பிட்டீங்களாய்யா?"

"நான் குடை விஷயமா..."

"குடைதானே? எங்கயும் போகலை. பத்திரமா இருக்கு."

லாண்டரியில் சட்டைகள் தொங்குகிற கம்பியில் குடைகள் வரிசையாகத் தொங்கின. எண்ணிப் பார்த்தேன். இருபது.

சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும்.

"எல்லாத்தையும் இங்க மாட்டி வச்சுக்கிட்டு ஏன் ஒரு போன் பண்ணலை? போன் வரலைன்னா பூஜ்யம்தான். ரூல்னா ரூல். நான் யாரு தெரியுமா? துணை இயக்குநர்!"

"ஆமாங்கய்யா. நீங்கதான் துணை இயக்குநர்" என்றார் சலூன்காரர், தூங்க அடம்பிடிக்கிற குழந்தையிடம் பேசுகிற குரலில். "தண்ணி குடிங்க."

"யோவ், அரசாங்கமே என் ரிப்போர்ட்டுக்காகக் காத்துக்கிட்டிருக்கு!"

"காத்திருக்கட்டும்யா. நீங்க மெதுவா குடிங்க, புரை ஏறிடப் போகுது."

நுரைக்காரர் சாரின் முதுகை நீவிவிட்டார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. லாண்டரிக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்தின குரலே நாலு கடைக்குக் கேட்கும்.

"நீங்க அவர் மகளாம்மா? அய்யாவைத் திட்டிடாதீங்க. தினம் வந்து ரெண்டு குடையை மறந்து வச்சிட்டுப் போறாரு. பாவம், நாலடி போவாரு, திரும்பித் திரும்பிப் பார்ப்பாரு, ஆனா எடுக்கணும்னு தோணாது. வழி தவறிடப் போறாரேன்னு நாங்க ஆளுக்கொரு நாள் முறை வச்சு, அவர் பஸ் ஏறுற வரைக்கும் பின்னாடியே போயிட்டு வர்றோம்."

"போன் நம்பர் இருந்துச்சேங்க?"

"இருந்துச்சும்மா. வேணும்னேதான் பண்ணலை." அவர் கை, மடித்து வைத்திருந்த சட்டையை இன்னொரு தரம் மடித்தது. "பண்ணா என்ன செய்வீங்க? வெளிய விடாம பூட்டி வைப்பீங்க. மறதி வந்தப்ப எங்க அப்பாவை நான் அப்படித்தான் பூட்டி வச்சேன். ரெண்டு வருஷம் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே நின்னு செத்தாரு. உங்க அப்பாவாவது வந்து போகட்டும்மா. இந்தத் தெருவைத் தாண்டித் தொலைய விடமாட்டோம்."

இவர் என் அப்பா இல்லை, இது பரீட்சை என்று சொல்லிவிடலாமென வாயைத் திறந்தேன். ஸ்டூலிலிருந்து சார் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

பிறகு கையை நீட்டி ஃபாரத்தை வாங்கி, மடியில் வைத்து, இருபதுக்கு இருபது என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

லாண்டரிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்.

"பரவாயில்லைம்மா, கையெழுத்து மட்டும் மறக்கலை."