ராகேல் கேட்ட இடம்

"கடையை இன்னைக்கே பிரிக்கணும். மகாராஜா சர்க்கார் உத்தரவு."

ஓவர்சியர் நீலகண்டன் சொன்னதுக்கு ராகேல் அசரலை. "ஒரு சாயா குடிச்சிட்டுப் பிரிக்கலாமே, சாரே."

குடிச்சான். இந்தச் சாயாவுக்காகவே பிரிக்கலாம், உத்தரவே வேண்டாம்னு பட்டுது.

வித்துராவிலேருந்து கல்லாறு போற மலை ரோடு. ஆளை முழுங்குற வளைவு ஒண்ணு. அதுக்குக் கொஞ்சம் முந்தி, பாதி ரோட்டுக்குப் பெஞ்சை நீட்டிப் போட்டுக்கிட்டு ராகேல் கடை.

மோட்டார் ஓட ஆரம்பிச்சதிலேருந்து இந்தப் பக்கம் சாவு ஜாஸ்தி. குறைக்கத் திட்டம் போடுன்னு மராமத்து இலாகா நீலகண்டனை அனுப்பியிருந்துது. கையில ஒரு மேப்பு. ஆள் செத்த இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. ரோட்டை மறிக்கிறதை முதல்ல தூக்கணும்ங்கிறது அவன் திட்டம்.

திருவனந்தபுரம் பஸ் வந்துது. பெஞ்சைக் கண்டதும் கிறீச்சுன்னு பிரேக் அடிச்சு, நிறைமாசக்காரி மாதிரி நகர்ந்துது. டிரைவர் பூதலிங்கம் தலையை நீட்டினான்.

"மூதேவி, ரோடு என்ன உங்கப்பன் வீட்டு முற்றமா? ரெண்டு வருஷமா பிரேக்கை மிதிச்சு மிதிச்சு எனக்கு வலதுகால் தேஞ்சு போச்சு."

"நாளைலேருந்து இடதுகாலால மிதியும், ஓய்."

பஸ் போயிட்டுது. அந்தச் சரிவுல ஒருத்தரும் இறங்கலை.

நீலகண்டனுக்கே பாவமாப் போச்சு. "வித்துரா சந்தைகிட்ட இடம் தாறேன். சமதரை, கிணறு, ஜனக்கூட்டம். சரின்னு சொல்லு, உனக்குத்தான்."

"வேண்டாம் சாரே."

"இங்க ஒரு நாளைக்கு எத்தனை சாயா போவுது?"

"நாலு. அதுல ரெண்டு நான் குடிக்கியது."

"பின்ன என்ன பிடிவாதம்? நீ ரோட்டை மறிச்சா ஆளு சாகும். மனசிலாச்சா?"

ராகேல் மேப்பை எட்டிப் பார்த்தா. "இந்தச் சிவப்பு என்னது?"

"செத்தவங்க."

"நம்ம வளைவு எது?"

விரலை வச்சுக் காட்டினான். ஆறு புள்ளி. பக்கத்துல அவனே எழுதின தேதி. எல்லாம் ரெண்டு வருஷத்துக்கு முந்தினது. அதுக்கப்புறம் ஒண்ணு கூட இல்லை.

வச்ச விரலை எடுக்க மறந்து நின்னான்.

"ஆறு பேரையும் பள்ளத்திலேருந்து தூக்கினது நானாக்கும். மெதுவாப் போங்கடேன்னு கையெடுத்துக் கும்பிட்டேன், ஒருத்தன் கேக்கலை. பெஞ்சைப் போட்டேன், எல்லாவனும் கேட்டான்."

நீலகண்டன் உத்தரவை மடிச்சுப் பையில வச்சான். அவ இன்னும் மேப்பை விடலை; வேற ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினா.

"இங்க ஏன் சாரே இவ்வளவு சிவப்பு?"

"கல்லாறுக்கு முந்தின வளைவு. போன மாசம் கூட ரெண்டு பேரு."

ராகேல் தலைத்துண்டை இறுக்கிக் கட்டினா.

"அப்ப எனக்கு இடம் தாறது அங்க தாருங்க. இங்க எங்க அண்ணன் பொஞ்சாதி பெஞ்சு போட்டுக்கிடுவா."